எந்த அதிகாரத்திலும் இல்லாத வரி

அக்கா,

ஈரச் சுண்ணாம்பு வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. நாளைக்குக் கல்லறைத் திருநாள். காலையில் உன் கல்லறைக்கும் மாமா கல்லறைக்கும் வெள்ளையடித்துவிட்டு வந்தேன். உன் கல்லில் வேத வசனம் அதிகாரம், எண்ணோடு ஒழுங்காக இருக்கிறது. மாமாவின் கல்லில் அந்த ஒரு வரிதான்: "இருட்டு முடியும்வரை நான் கூட வருகிறேன்."

தினமும் செபமாலை முடிந்ததும் மாமா அதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கைத் தணிப்பார். அப்போதெல்லாம் பூசை லத்தீனில். நம் வீடுகளில் வேதப் புத்தகமே கிடையாது. முழங்காலில் நின்று சொன்னதெல்லாம் நமக்கு வேதம்தான். அவர் காய்ச்சலில் போனபோது, வேத வாக்கு என்று அதையே கல்லில் வெட்டச் சொன்னாய். பிள்ளையும் இல்லாத உனக்கு அந்த வரிதான் துணையாக இருந்தது.

பூசை தமிழுக்கு வந்து சில வருடம் கழித்து, நம் கம்பைநல்லூர்க் கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் அந்தக் கல்லைப் பார்த்தார். "இது எந்த அதிகாரத்துலம்மா வருது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நீ ஆடிப்போனாய். கோயிலில் இருந்து வேதப் புத்தகத்தை வாங்கி வந்து, எழுத்துக் கூட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இருந்தா இருக்குது, இல்லாட்டிப் போவுது. வுடுக்கா."

"ஆண்டவரு சொன்னதான்னு எனக்குத் தெரியணும்டி."

கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த உன் மாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "அது வேதத்துல எங்க இருக்குது கண்ணு? எங்கூட்டுக்காரரு சொல்றது. மலையில வேல முடிஞ்சு எறங்கறப்ப இருட்டிடும். உம் புருசன் அப்பச் சின்னப் பையன், பயந்துக்குவான். அதுக்குச் சொல்லுவாரு."

திரும்பும்போது தருமபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னாய்: "ஆண்டவரு சொன்னதுன்னா நடக்கும்னு இருந்தேன். மனுசன் சொன்னதுன்னா, அந்த மனுசன்தான் போயிட்டாரே." உன்னை அழைத்துக்கொண்டு போனதற்காக அன்றைக்கு என்னையே நொந்துகொண்டேன். அதற்குப் பிறகு செபம் முடிந்ததும் அந்த வரியைச் சொல்லாமல் எழுந்துவிடுவாய். கல்லில் இருந்ததை மட்டும் அழிக்க விடவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாளன்று சாமியார் வந்து வசனம் வாசித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நீ என் கையைத் தேடினாய்.

"உங்க மாமா சொல்றத நீ சொல்லுடி" என்றாய்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தேதான் கேட்டாய். "இருட்டு முடியும்வரை" என்று ஆரம்பித்தேன். மேலே வாய் வரவில்லை. எப்படிச் சொல்வேன்? நான் உன் கூட வரப்போவதில்லையே. நீ கண்ணை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த வரியின் மிச்சம் இன்னும் என்னிடமே இருக்கிறது, அக்கா.