நான் பார்க்காததை உனக்குச் சொன்னேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி, குட்டி எல்லோரும் சுகம். குட்டி சுகம் என்பதை இன்னொரு தரம் படித்துக்கொள், ஏனென்றால் தினமும் போனில் பேசுகிற அப்பா திடீரென்று கடிதம் எழுதினால் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீ நினைப்பாய். அவள் இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கி ஊரையே மேற்பார்வை பார்க்கிறாள், யார் கிட்டே போனாலும் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதுதான் முழுநேர உத்தியோகம், என் கண்ணாடியின் ஒரு காது ஏற்கெனவே போய்விட்டது, உன் மனைவி வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் கொடுத்து மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறாள். நீ வேலை பார்க்கும் கிடங்கில் குளிர் இன்னும் குறையவில்லை என்று அம்மா சொன்னாள். கையுறைக்கு உள்ளே இன்னொரு கையுறை போட்டுக்கொள், வெட்கப்படாதே, விரல் நன்றாக இருந்தால்தான் வேலை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன், போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் எதையாவது ஜோடித்துவிடுவேன்.

குட்டிக்குத் தடுப்பூசி போட்ட அன்று நடந்ததாக நான் உனக்குச் சொன்னது எதையும் நான் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லை. எழுதிவிட்டேன், இனி மீதியையும் எழுதிவிடலாம். அன்று எனக்கு வார விடுமுறை, அம்மா பள்ளிக்கூடத்து ஆபீசுக்குப் போயிருந்தாள். காலையில் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, குட்டி கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தூங்கினாள். மத்தியானம் நான் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்து, "மாமா, இவ ஒரு மாதிரி இருக்கா, கொஞ்சம் பாருங்க" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். குழந்தையின் கை அவள் முதுகுப் பக்கம் நனைந்த துணி மாதிரித் தொங்கியது, முகம் வெளுத்திருந்தது, தலை அவள் கழுத்திலிருந்து சரிந்தது. அவ்வளவுதான் நான் கண்டது. கையிலிருந்த துடைக்கிற துணியைக் கூடக் கீழே போடாமல் வாசலைத் தாண்டி ஓடினேன்.

ஆட்டோ பிடிக்க ஓடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மகனே, நான் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டி ஓடினேன். அங்கே வண்டிகள் வரிசையாக நின்றன, நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நமக்குத் தெரிந்த அந்த வெற்றிலை வாய் ஆட்டோக்காரர்தான் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "சார், என்ன சார் ஆச்சு?" என்று கத்தினார். நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவரே புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார். அப்போதாவது ஏறியிருக்கலாம், பின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் டயர் கடைக்குப் பின்னால், காற்றடிக்கிற மெஷின் இருக்கும் சந்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போயிற்று. உள்ளே உன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாள், காலில் செருப்பு இல்லை. நான் கையைத் தூக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன், அவள் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. லிஃப்ட் மெக்கானிக்காக, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான், நீயும் சிநேகிதர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாய்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது குட்டி கண்ணைத் திறந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி. அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சு வாங்க வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், நல்ல வேளை நீங்க வீட்ல இருந்தீங்க, நீங்க ஓடலேன்னா என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் ஆமாம் போட்டேன். அப்புறம் நீ போன் செய்தாய், நீங்க பக்கத்துல இருந்தீங்களா, என்னப்பா ஆச்சு என்று கேட்டாய். பக்கத்தில் இருந்த மனிதன் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு எப்போதோ வலிப்பு வந்து பார்த்திருக்கிறேன், அதை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் பொருத்தினேன். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது, உடம்பு நீலம் பாரித்தது, நான்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தேன் என்றேன். நீ அழுதாய். நீ அழுத பிறகு அது பொய் என்கிற நினைப்பே எனக்கு மங்கிவிட்டது, அடுத்த முறை சொன்னபோது இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

அந்தப் பேச்சை வைத்துத்தான் நீ இனி ஒரு ஊசியும் வேண்டாம் என்று முடிவு செய்தாய். உன் மனைவி, இழுப்பெல்லாம் வரவில்லை, துவண்டுதான் போனாள், டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணலாம் என்று உன்னிடம் சொன்னபோது, அப்பா பக்கத்துல இருந்து பாத்திருக்கார், அவர் ஏன் பொய் சொல்லப் போறார், உனக்குத்தான் ஊசி போட்டாகணும்னு பிடிவாதம் என்று கேட்டாயாம். நான் ஆட்டோ பிடிக்க ஓடினவன், பக்கத்தில் இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம், மாமனாரைப் பொய்யன் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும். அதற்குப் பிறகு அவள் உன்னோடு பேசுவது நின்றுவிட்டது, உன் போன் வந்தால் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். நான் அதே கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஊசிக்கான நாள் தாண்டிப் போயிற்று. சுகாதார நிலையத்து நர்ஸ் விசாரிக்க வந்தபோது, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தி விரட்டினேன். குழந்தையின் மேல் இருக்கிற பாசம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் ஊசி என்றால் மறுபடியும் குழந்தை பக்கத்தில் நான் நிற்க வேண்டி வருமே என்கிற பயம்தான் அது. ஒரு நாள் உன் மனைவி என்னிடம், "மாமா, நீங்க சொல்றதக் கேட்டா எனக்கே பயமா இருக்கு, நான் பாத்தது அப்படி இல்லையே" என்றாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே குழம்பிப் போய்க் கேட்டாள். பதட்டத்துல உனக்கு ஞாபகம் இருக்காதும்மா என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்ன பொய்யைவிட இதுதான் என்னை அரிக்கிறது. தன் கண்ணால் பார்த்தவளையே, பார்த்தோமா இல்லையா என்று சந்தேகப்பட வைத்தேன்.

போன வாரம் குட்டிக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. பயப்படாதே, சாதாரணச் சளிதான், இப்போது போய்விட்டது. உன் மனைவியோடு நானும் குழந்தைகள் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், நிதானமானவர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றவர் ஊசியெல்லாம் சரியாகப் போட்டாகிறதா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னதும், அப்போது யார் கூட இருந்தீர்கள் என்றார். நான் பழக்க தோஷத்தில், நாங்க ரெண்டு பேரும் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "கை கால் வெட்டி இழுத்ததா, இல்ல துவண்டு தொங்கிச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், வலிப்புன்னா நான் ஒரு விதமா யோசிக்கணும், துவண்டுதுன்னா வேற விதம்" என்றார். இழுத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுத ஆரம்பித்தார். உன் மனைவி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பப் போட்டாள். உன்னோடு வாதாடி அலுத்துப்போனவள், என்னோடும் வாதாடத் தெம்பில்லாமல் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் என் பொய்யை வைத்து என் பேத்திக்கு வைத்தியம் யோசிக்கிறார். நான், டாக்டரம்மா, நான் அங்க இல்ல, நான் பயந்து ஓடிட்டேன், இவதான் பாத்தா என்றேன். அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, நாற்காலியை உன் மனைவி பக்கம் திருப்பி, நீங்க சொல்லுங்க என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவள் சொன்னதைக் கேள். குழந்தை வெளுத்துத் துவண்டாள், கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆனால் மூச்சு வந்துகொண்டே இருந்தது, உன் மனைவி குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கை கால் இழுக்கவே இல்லை, நுரை இல்லை. ஆட்டோவில் போகும்போதே குட்டியின் உதட்டில் நிறம் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார், ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்தார். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இந்த ஊசிக்குப் பிறகு இப்படி வருமாம், தானாகவே சரியாகிவிடுமாம், பின்னால் எந்தக் குறையும் வைக்காதாம். மறுபடி வரவே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வருவது ரொம்ப அரிது என்றார். ஊசியே இல்லாமல் விட்டு, அது தடுக்கிற கக்குவான் இருமல் இந்த வயதில் வந்தால் அதுதான் தனக்குப் பெரிய பயம் என்றார். காய்ச்சல் குறைவாக வருகிற வேறு வகை இருக்கிறதாம், அதை அவருடைய ஆஸ்பத்திரியிலேயே போட்டு, சாயங்காலம் வரை கண் முன்னால் வைத்துப் பார்க்கலாம் என்றார். உன் மனைவிக்குச் சம்மதம். ஆனால் அவள், இவளோட அப்பாகிட்டயும் பேசிட்டு வரேன் டாக்டர், அவருக்குத் தெரியாம செய்ய மாட்டேன் என்றாள். நீ அவளைப் பிடிவாதக்காரி என்றாயே, அவள் செய்தது இதுதான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அன்று அவள் தட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள், "பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா வக்காலத்து வாங்கற மாதிரி ஆயிடும்" என்றாள். ஆட்டோக்காரர் அன்றைக்கு நடந்ததை முழுக்கப் பார்த்தவர், இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னைப் பார்த்தால் மட்டும் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். நர்ஸைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சரி சார் என்று மட்டும் சொன்னார், அந்தச் சரியில் சரி இல்லை. உன் மனைவியிடமும் கேட்கப் போய் முன்னால் நின்றேன், அவளே புரிந்துகொண்டாள். "ஊசி போடற அன்னைக்கு நீங்களும் வாங்க மாமா, எனக்கு ஆள் வேணும். ஓடணும்னு தோணிச்சுன்னா சொல்லிட்டு ஓடுங்க, நான் வேற யாரையாவது கூப்பிட்டுக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அது தமாஷ் இல்லை. போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நிற்பேனா என்று எனக்கே தெரியாது, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன், அவள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நான் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னேன் என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஊசி போடுவதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு, அதில் என் கணக்கில் ஒரு வார்த்தையும் சேர்க்காதே, டாக்டரிடம் உனக்கும் கேள்வி இருந்தால் அவள் போனில் பேச வைப்பாள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் குடும்பம் நல்லபடியாக இருக்க வேண்டும், இந்த அப்பாவின் ஆசி இப்போதும் செல்லுமானால் அது முழுக்க உங்கள் மூவருக்கும்தான்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த வாரம் எனக்குப் போன் செய்யாதே, அவளுக்குச் செய். மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில், நீ அன்னைக்கு என்ன பாத்தே என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் இடையில் பேசாதே.

வெட்கத்தோடும் பிரியத்தோடும்,
உன் அப்பா