நான் வாய்திறந்து சொல்லாத பெயர்

என்னை முந்திக்கொண்டு போய்விட்ட என் அருமை வீட்டுக்காரரே,

கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். இங்கே நடக்கிற கூத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவீர்கள். நம் மகன் சூசைக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய்.

ஆனால் உங்கள் பெயரை வைக்கமாட்டானாம். ஸ்டீபன் என்று வைக்கப்போகிறானாம்.

மெட்ராஸ் உத்தியோகம் செய்த வேலையைப் பாருங்கள். தன்னையே ஜோசப் ஆக்கிக்கொண்டான். பஸ் கண்டக்டரிடம் "ரெண்டு ஜிஞ்சி" என்று டிக்கெட் கேட்டானாம், மருமகளே சொல்லிச் சிரிக்கிறாள். பிறந்த ஊரைச் செஞ்சி என்று சொல்ல நாக்கு கூசுகிறதா?

"பாட்டன் பேரு பேரனுக்குத்தான்டா" என்றேன்.

"அதே பேருதாம்மா. ஸ்டீபன்னா கிரேக்க மொழியில கிரீடம். நைனா பேருக்கும் அதான் அர்த்தம். அந்தக் காலத்துச் சாமியாருங்க தமிழ்ல மாத்தி வெச்சாங்க."

"ரெண்டும் ஒண்ணுன்னா உங்க நைனா பேரையே வையேன். இன்னா கொறஞ்சி பூடும்?"

"ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா."

அப்பன் பெயர் சிரிப்பாகிவிட்டது, பார்த்தீர்களா? நான் "இஸ்டீபன்" என்றால், முன்னால் 'இ' போடாதே என்று என் அடுப்படியிலேயே எனக்குப் பாடம் வேறு. தூ! விடுதிப் பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்டீர்களா? அதை நான் இன்னும் மறக்கவில்லை.

லத்தீனில் நடந்த பூசையே இப்போது தமிழில் நடக்கிறது. சாமிக்கு ஆகிற தமிழ் இவன் ஆபீசுக்கு ஆகாதா?

கடைசியாக ஒன்று சொன்னான். அதுதான் சுடுகிறது. "நைனா பேரை நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? அப்புறம் பேரனை எப்டிக் கூப்புடுவ?"

உண்மைதானே? புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கடையில்கூடப் பக்கத்துவீட்டுக்காரியை விட்டுத்தான் சொல்லவைத்தேன். அப்படிக் காத்தும் நீங்கள் தங்கினீர்களா? இனிமேல் குறைய என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாமியார், "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்பார். பிள்ளை என் கையில் இருக்கும். ஞானத்தாயாகப் பதில் சொல்லவேண்டியவள் நான். கோயிலே கேட்கும்படி சொல்லுவேன், இது சத்தியம். நாக்குப் பழகுவதற்கு முன்னால், கை பழகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முடியப்பன் பெண்சாதி