மரகதம்மாவின் வீட்டில் யார்?

ஆகஸ்ட் 7, 2008. வியாழன்

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. கொடியில் போட்ட யூனிபார்ம் பறந்து பக்கத்து நிட்டிங் கம்பெனியின் தகரக் கூரையில். மெஷின் ஓட்டும் பீகார்காரர் கழியால் எடுத்துக் கொடுத்தார். "லீஜியே தீதி." இந்தாங்க அக்கா என்று. இன்று டூட்டிக்கு வெளியே என்னிடம் பேசியது அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியில் செய்தி. இனி முழங்கால் மாற்று ஆபரேஷன் இங்கேயே. இதுவரை எல்லாரையும் கோயம்புத்தூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். சனி, ஞாயிறு பயிற்சி வகுப்பு. டாக்டர், தியேட்டர் ராஜன், பிசியோ கவிதா, வார்டுக்கு நான். "நான் மட்டும் படிச்சு வந்தா பத்தாதுங்க சிஸ்டர். எல்லாரும் சேந்து படிக்கோணும்" என்றார் டாக்டர்.

முதல் பேஷண்ட் முடிவாகிவிட்டது. மரகதம்மா, திருமுருகன்பூண்டி. கணவர் இல்லை, துணைக்கு மருமகள் கூடவே இருக்கிறாராம். தறிக் குடும்பம், பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங், வருடக்கணக்காக நின்றே வேலை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. முதலில் வலது கால். ஆடி கழிந்துதான் ஆபரேஷன் என்று மரகதம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அரிசி வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

அவிநாசி ரோட்டில் ஓட்டல் ஹால். ஏசி குளிர். ஸ்வெட்டர் கொண்டுபோகாதது தப்பு.

டாக்டர்களுக்குத் தனி ஹால். ஈரோடு, தாராபுரம், கரூர் என்று வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் எலும்பை ரம்பத்தால் அறுத்துப் பழகுகிறார்கள். வெளியே நின்று கேட்டால் தச்சுப் பட்டறை. நம் டாக்டர் அறுத்ததில் சாய்வு சரியில்லை என்று பாடம் எடுத்த பெரியவர் வேறு எலும்பு கொடுத்தாராம். டீ குடிக்கும்போது அவரே சிரித்துச் சொன்னார்.

எங்களுக்குச் சென்னையிலிருந்து வந்த வசந்தா மேடம். நரைத்த முடி, கணீர்க் குரல். குறித்துக்கொண்டவை:

– தலையணை குதிகாலுக்குக் கீழே. முழங்காலுக்குக் கீழே கூடாது.
– முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால்.
– கெண்டைக்கால் வீக்கம், சிவப்பு: உடனே டாக்டர்.
– ஆபரேஷனுக்கு முன்பே வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். கக்கூஸ், படி, துணைக்கு ஆள்.

மதியம் சைவம். ராஜன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வகுப்பு.

காலையில் நடித்துக் காட்டும் பாடம். என்னைப் பேஷண்டாக உட்கார வைத்தார்கள். கவிதா வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு வசந்தா மேடம் எதிரே உட்கார்ந்து, வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்.

"வீட்ல உங்ககூட யாரும்மா இருக்காங்க?"

ஒரு மகனையோ மருமகளையோ சொல்லியிருக்கலாம். நடிப்புதானே. வாயில் வரவில்லை.

"யாருமில்ல."

"ராத்திரி கால் வலிச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"

"தெரியலை மேடம்."

அவர் எல்லார் பக்கமும் திரும்பினார். "பாருங்க, சிஸ்டர் எவ்வளவு இயல்பா பண்றாங்க. இப்படி ஒருத்தங்க வந்தா நம்ம டீம் என்ன செய்யணும்?" எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். நானும் எழுதினேன்.

சர்டிபிகேட். குரூப் போட்டோ. பின் வரிசையில் நான்.

வீடு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. சென்னைக்குத் தம்பி சாமுவேலுக்குப் போன் போட்டேன். "பிள்ளையள பீச்சுக்குக் கூட்டியாந்திருக்கேன்க்கா, அப்புறம் பேசுதேன்." அவன் பக்கமும் காற்றுச் சத்தம். அப்புறம் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கரன்ட் இல்லை. தெரு முழுக்க ஜெனரேட்டர் புகை.

பூண்டிக்குப் போனேன், மரகதம்மா வீட்டைப் பார்க்க. தெருமுனையில் சிலைப் பட்டறை, உளிச் சத்தம் ஓயாமல். இரண்டே அறை, சுத்தமாக. சுவரில் முருகன் படம். வாசலில் இரண்டு படி, பிடி இல்லை. கக்கூஸ் பின்கட்டில், குந்தி உட்காருவது. எல்லாம் குறித்துக்கொண்டேன்.

"மருமக எங்கம்மா? அவங்ககிட்டதான் பயிற்சியெல்லாம் சொல்லணும்."

"கடைக்குப் போயிருக்கறாங்க கண்ணு."

காத்திருந்தேன். காப்பி கொடுத்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் போட்டு வந்த காப்பி. கொடியில் அவர் சேலை மட்டும். அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எனக்குத் தெரியாதா? என் வீட்டிலும் அதுதான்.

"அவங்க இங்க இல்லைதானம்மா?"

தலை குனிந்தார். மகன் முருகேசனும் மருமகளும் பெங்களூரில். போய் வருடங்களாகிவிட்டன. சண்டை ஒன்றுமில்லை. அங்கே வேலை, அவ்வளவுதான்.

"டாக்டருகிட்டச் சொல்லிப்போடாதீங்க கண்ணு. ஆளில்லீன்னா ஆப்ரேசன் பண்ண மாட்டாங்களாமா. எனக்குக் கோயிலுக்கு நடந்து போகோணும், அவ்வளவுதான்."

"மகனைக் கூப்பிடலாமேம்மா?"

"கூப்புட்டா வருவான்னு இருக்கறனுங்க. கூப்புட்டு வரலீன்னா? அப்பறம் அந்த நெனப்பும் இருக்காதே."

காப்பிக்கு நன்றி சொல்லி வந்துவிட்டேன். பஸ்ஸில் நின்றபடியே. என் வீட்டுக்கு நல்லூரில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. தனியாக விழுந்தால் என்ன ஆகும்?

அவர் கேஸ் ஷீட்டை மூடினார். "தள்ளி வெச்சரலாங்க சிஸ்டர். ஆள் கிடைச்சாப் பாக்கலாம்."

சரியான முடிவு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மரகதம்மா ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். தள்ளிவைத்ததைச் சொன்னோம். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"நீங்க சொல்லீட்டீங்களாக்கும். பரவாயில்லீங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க எவ்வளவு நேரம். கைத்தாங்கலாகப் போனேன். கையை விலக்கினார், மெதுவாகத்தான்.

பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன். அங்கே வைத்து, யோசிக்காமல், கேட்டுவிட்டேன்.

"எங்கூட வந்து இருங்கம்மா. என் வீடு கீழ்த்தளம். படி இல்லை. வெஸ்டர்ன் கக்கூஸ். காலு சரியாகுற வரைக்கும் இருங்க. எனக்கும் யாருமில்ல."

ஏறிட்டுப் பார்த்தார். பஸ் வந்தது. "ரோசன பண்ணிச் சொல்றனுங்க கண்ணு" என்று ஏறிவிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. சர்ச்சிலிருந்து நேரே வீடு. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். தரையில் எனக்குப் பாய் போதும். வழுக்கும் கால்மிதியைச் சுருட்டி மூலையில். இன்னொரு தட்டு, டம்ளர் வாங்கினேன். பக்கத்துக் கம்பெனியில் பகல் முழுக்க மெஷின் ஓடும், அவருக்குத் தூக்கம் வருமா? மரகதம்மாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்? நான் வைக்கும் புளிக்குழம்பு எங்கள் ஊர்ப் பக்குவம், காரம் ஜாஸ்தி. குறைக்கலாம்.

பாடிக்கொண்டே வேலை செய்தேன் போல. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "விருந்தாளி வர்றாங்களாங்க?"

"ஆமா" என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மரகதம்மா போன். வார்டு போனுக்கு, என் பெயரைக் கேட்டு.

"கண்ணு, எம் பையன்கிட்டப் பேசீட்டனுங்க."

நேற்று இரவெல்லாம் யோசித்தாராம். ஊர் பேர் தெரியாத ஒரு பொண்ணு வா என்று கூப்பிடுகிறாள், பெத்த பையனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தோன்றியதாம். காலையில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டார். முருகேசன் போனிலேயே அழுதானாம். லீவு போட்டு வருகிறான், அவன் லீவு முடிந்ததும் மருமகள்.

"உங்களாலதானுங்க. நீங்க கூப்பிடலீன்னா எனக்குக் கேக்கவே வாய் வந்திருக்காது."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம்தான். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கவிதா கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலைப் பழைய இடத்தில் போட்டேன். தனியாக இழுக்கக் கனமாக இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆபரேஷன். நல்லபடி முடிந்தது. டாக்டர் வெளியே வந்து முதலில் எங்களிடம் கட்டைவிரலைக் காட்டினார், பிறகுதான் முருகேசனிடம் பேசினார்.

குதிகாலுக்குக் கீழே தலையணை. நானே வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுந்து நின்றார். ஒரு பக்கம் கவிதா, ஒரு பக்கம் நான். "முருகா, முருகா." இரண்டு எட்டு. வேர்த்துவிட்டது. முருகேசன் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வராந்தாவில் என்னிடம்: "மருமக கூடவே இருக்கறான்னு அம்மா சொன்னாங்களாமா. ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கலாமுங்க, சிஸ்டர்."

"இப்ப கேட்டுட்டாங்கல்ல" என்றேன்.

பயிற்சி முழுவதும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகப் பிடித்துக்கொள்கிறார். என் வேலை குறைந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

டிஸ்சார்ஜ். வீட்டில் பிடி போட்டாயிற்று, கமோடு நாற்காலி வாங்கியாயிற்று என்றார் முருகேசன். காரில் ஏறும்போது மரகதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஊட்டுக்கு வரோணும். டூட்டிக்கு வேண்டாம். சும்மா வாங்க."

எல்லாரும் சொல்வதுதான். மத்தியானம் அந்தப் படுக்கையில் வேறு ஆள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தூறல். சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்து, அவிநாசி பஸ் ஏறிவிட்டேன். ஆரஞ்சு வாங்கினேன். சும்மா வரச் சொன்னதை நிஜமென்று எடுத்துக்கொண்டு போய் நிற்பது சரியா? பூண்டி வரும் வரை இதே.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

உள்ளே மருமகள் குரல்: "நான் பாக்கறேன் அத்தே, நீங்க உக்காருங்க."

"இல்ல, இரு. அது சிஸ்டராத்தான் இருக்கும். நானே போறேன்."

பிறகு வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம். நின்று, நின்று, மறுபடி. அவசரமில்லை. ஆரஞ்சுப் பையைப் பிடித்தபடி தூறலில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.