வீட்டுக்கு வந்து சொல்லாத பிறந்தநாள்

வில் கிராமம், 14.10.2012

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? நாங்கள் மூவரும் சுகம்.

மாயாவின் முதலாவது பிறந்தநாள் நல்லபடி முடிந்தது. பக்கத்துப் பண்ணை எல்ஸ்பெத் சொன்ன நேரத்துக்கே ஆப்பிள் கேக்குடன் வந்து, இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எழும்பிப் போனா. யோகாம்பாள் அக்கா வீட்டார்தான் வரவில்லை. இந்தக் கிராமத்தில் எங்களை விட்டால் தமிழ் வீடு அது ஒன்றுதான். வேலை அலுப்பில் அவவை நான் எஸ்.எம்.எஸ்ஸில் அழைத்துவிட்டேன். மறுநாள் பஸ் தரிப்பில், "வீட்டை வந்து சொல்லாத கொண்டாட்டத்துக்கு நாங்கள் என்னெண்டு வாறது?" என்று கேட்டுவிட்டு அங்கால் திரும்பி நின்றா. பிறகு மூன்று தரம் அவவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே தமிழ்ப் பாட்டுக் கேட்டது, கதவு திறக்கவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதேங்கோ. அவர்களுக்கென்று எடுத்து வைத்த ரோல்ஸ்தான் இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது.

மிளகாய்த்தூள் அனுப்ப வேண்டாம், இருக்கிறது. ஒரேயொரு உதவி. யோகாம்பாள் அக்காவின் அம்மா அங்கே உங்களுக்குக் கிட்ட, கோப்பாயில்தானே இருக்கிறா. வெயில் தாழ நல்ல சேலை கட்டிக்கொண்டு போய், மாயாவின் பிறந்தநாளுக்கு அக்கா வீட்டாரை வரச்சொல்லி நான் அழைத்ததாக அவவிடம் சொல்லுங்கோ. நாள் முடிந்தாலும் பரவாயில்லை. போனில் வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கோ.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அக்காவும் தரிப்பில் நிற்பா.

மகள்
சுபாஜினி