தெருவைத் தாண்டிய புள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். உன் மாப்பிள்ளையும் உடம்பளவில் நலம். போன வாரம் நீ மேட்டில் ஏறி நின்று பேசியபோது லைன் பாதியில் அறுந்துவிட்டது. அதனால் உங்கள் நில அளவை முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலிலிருந்து எழுதுகிறேன், எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்ப்போம்.

துணிக்கடை முதலாளியை அடித்த வழக்கில், வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று இவர் காலில் ஒரு கருவியை மாட்டி அனுப்பினார்கள் அல்லவா? இவர் தாண்டிவிட்டாராம். நாலு நாள் தொடர்ந்து, மத்தியானத்தில், தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாராம். திங்கட்கிழமை விசாரணை. அது உண்மை என்று முடிவானால் மறுபடியும் உள்ளேதான்.

அந்த நேரத்தில் நான் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று இவர் சத்தியம் செய்கிறார்.

எதிரே புதிதாகக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருக்கிறது. மத்தியான வெயில் அதில் பட்டு நம் முன்னறைக்குள் விழும். நூல் கோக்க விளக்கே வேண்டாம் என்று குஷியாகி, இவர் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் உள்ளறையில் துணி வெட்டுவார், சாப்பிட்டதும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது, கருவிக்குக் கண் கிடையாது, செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணக்குப் போடுகிறது என்றாய். கண்ணாடியில் மோதிச் சுற்றி வந்தால் சிக்னல் தாமதமாகும், ஆளைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிடும் என்றாய். அதே கோள்கள் வானத்தில் அதே இடத்துக்கு மறுநாள் நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும் என்றும் சொன்னாய். அதோடு லைன் போய்விட்டது.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஞாயிறு காலை என் போனில் மேப்பைத் திறந்து ஜன்னலில் வைத்தேன். அதில் என் புள்ளி எதிர்ப்பக்கம் போகவில்லை, பின்தெரு சலூனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது! காலையில் கோள்கள் வேறு இடத்தில் இருக்குமோ? என் மண்டை காய்ந்துவிட்டது.

நேற்று கண்காணிப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "ஏம்மா, கண்ணாடியா வந்து அவரைத் தூக்கிட்டுப் போச்சு?" என்று சிரித்தார். பிறகு பதிவைக் காட்டினார். "பாருங்க, தினமும் நாலு நாலு நிமிஷம் சீக்கிரமா கிளம்பியிருக்காரு. பயம் விட்டுப் போச்சு" என்றார்.

இவரா கடிகாரம் பார்த்துக் கிளம்புகிற ஆள்? சாப்பிடவே நான் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். அண்ணா, நீ சொன்ன அதே நாலு நிமிடம்தானே இது? நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? இதை அதிகாரியிடம் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். நான் சொன்னால் அங்கே யார் கேட்பார்கள்? நீதான் வந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. புகார் வந்த அன்று நான் இவரிடம், "நிஜமா சொல்லுங்க, போனீங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவைதான். இவர் மெஷினைச் சமையலறை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து கருவியும் வாயை மூடிக்கொண்டது. பிடிபட்டதும் அடங்கிவிட்டார் என்கிறார் அதிகாரி. அந்த இருட்டு மூலையில் நூல் கோக்க முடியாமல் இவர் தடவுகிறார். இன்று காலையில், "எனக்கே தெரியல, போயிருப்பேனோ என்னவோ" என்கிறார்.

எப்படியாவது திங்கட்கிழமைக்குள் வந்துவிடு. நேரே விசாரணைக்குப் போய்விடாதே, முதலில் வீட்டுக்கு வா. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க எங்கேயும் போகல மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல். நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், காதில் ஏறவில்லை. போனீங்களா என்று கேட்டவளும் நான்தானே.

வழியில் பத்திரம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் தங்கை