எலும்புக்கு என்று சொன்ன மாத்திரை

மார்ச் 3, திங்கள்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: மகன், மருமகள், பேத்தி, என் வீட்டுக்காரர், அவர் காலடியில் துரை. துரை என்பது நாய். நான் கதவோரம், மூக்கில் துண்டோடு. நாளைக்கு ஒருத்தரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று புரட்டிப் பேசக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மகன் தீர்ப்புச் சொன்னான். "அடுத்த வாரம் அலர்ஜி டெஸ்ட் எடுத்துடலாம்மா. நாயாலதான்னு வந்தா என் ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடறேன். இல்லைன்னு வந்தா நீ அப்புறம் வாயத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் எப்படியடா மூச்சு விடுவேன்? மூக்குதான் நாலு மாதமாக அடைத்துக் கிடக்கிறதே!

"தூசியாக்கூட இருக்கலாம் அத்தை" என்றாள் மருமகள். தூசியாம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, நான் துடைத்த அலமாரியை விரலால் தடவிப் பார்த்தவள். பதினாலு வருஷம் ஆயிற்று. எந்த விரல் என்றுகூடச் சொல்வேன்.

வீட்டுக்காரர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, புதன்

டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை கூடவே கூடாது என்றார் டாக்டர். மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காதாம், வியாதி ஒளிந்துகொள்ளுமாம். மற்ற மாத்திரைகளை வழக்கம்போல் வீட்டுக்காரர்தான் டப்பாவில் எடுத்து வைக்கிறார். அட்டையில் இருப்பது இங்கிலீஷ், எனக்குத் தெரியாத எழுத்து.

மார்ச் 9, ஞாயிறு

தும்மல் குறைவு. மாத்திரை இல்லாமலே குறைவு! இத்தனை நாள் நடித்தேன் என்பார்களே.

மார்ச் 13, வியாழன்

நர்ஸ் முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் கீறினார். கால் மணி நேரம். ஒன்றுகூடத் தடிக்கவில்லை. மகன் சிரித்தான். நர்ஸ் சிரிக்கவில்லை.

"இந்தக் கடைசிச் சொட்டு யாருக்குப் போட்டாலும் தடிக்கணும்மா. உங்களுக்கு அதுவே தடிக்கலை. அலர்ஜி மாத்திரை போட்டீங்களா?"

"போடலையே."

"அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சிஸ்டர். மாத்திப் போட்டிருப்பாங்க" — பெற்ற பிள்ளை, என் முகத்துக்கு நேரே. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். இவனுக்குக் காய்ச்சல் என்றால் மருந்தை அளந்து ஊற்றியது யார்? பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளைப் பிடித்தேன். "நீதானடி கலந்து குடுத்தே!"

"சத்தியமா இல்லை அத்தை. அந்த டப்பாவ நான் தொடுறதே இல்லை." அழுதுவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

அது பொய் அழுகை இல்லை. அப்போ யாரு?

இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது, நிறம் தெரியும். பிரஷருக்கு ரோஸ். சர்க்கரைக்கு நீள வெள்ளை. கொழுப்புக்கு மஞ்சள். போன வாரம் வியாழன் முதல் நாலாவதாக ஒரு குட்டி வெள்ளை. "எலும்புக்கு" என்றார்.

பின்வாசலில் துரைக்கு மயிர் வாரிக்கொண்டிருந்தார். போய் நின்று கேட்டேன். மறைக்கவில்லை. அலர்ஜி மாத்திரைதானாம்.

"துரை போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

"நான் என்ன செவுரா?"

சீப்பில் சிக்கிய மயிரை உருவினார்.

நாற்பத்தாறு வருஷம்! சாப்பாடு ஆச்சா, கதவு பூட்டியாச்சா — இதைத் தவிர இந்த மனுஷன் என்னிடம் என்ன பேசினார்? அதனிடம் மட்டும் ஆபீஸ் கதை, சின்ன வயசில் அவர் அப்பா அடித்த கதை. அந்தக் கதை அதுவரை எனக்கே தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்று, மூச்சு இரைக்க இரைக்கக் கேட்டேன். நான் செத்தாலும் பரவாயில்லை, நாய் இருக்கணும். அதுதானே?

மார்ச் 15, சனி

மருமகளிடம் "நான் பேசினது தப்பும்மா" என்றேன். "விடுங்க அத்தை" என்றாள். விட்டேன். விரல் விஷயத்தை விடவில்லை. அது வேறு.

மார்ச் 24, திங்கள்

மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை மாத்திரை எடுத்து வைத்தது மருமகள். நாய்ச் சொட்டு விட்ட இடம் கோலிக்குண்டைப் பிளந்து ஒட்டினாற்போல் வீங்கிற்று. மகன் கையையே பார்த்தான். "தப்பா பேசிட்டேம்மா."

மார்ச் 29, சனி

நாயைக் கொண்டுபோனார்கள். பேத்தி அழுதாள். அவர் மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூச்சு நன்றாக இருக்கிறது.

மகனுடைய நண்பன் வீடு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. அவர் தினமும் காலையில் அங்கே போய் அதனோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார். நாயின் மயிர் உள்ளே வராமல், வாசலிலேயே சட்டை மாற்ற வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மாற்றுச் சட்டையை எடுத்து வைப்பது நான்தான். வேறு யார் வைப்பார்கள்?

இன்று பொத்தான் போட்டுக்கொண்டே, "அது இன்னைக்குச் சரியா சாப்பிடலை" என்றார். என்னிடம்தான் சொன்னார். நானும், "ஏனாம்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

பேசட்டும். கேட்கிறேன். மகனை மன்னித்தாயிற்று. மருமகளை முக்கால்வாசி. அந்த வாயில்லாத ஜீவனை முழுசாக. மன்னிக்காதது ஒரே ஓர் ஆளைத்தான்: என் வீட்டுக்காரரை.