நான் அங்க இல்லாட்டி எடுப்பியா?

அக்கா,

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து உன் அம்மா ஒரு சிவப்பு வாளியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். உன் விடுதி வாளி. பக்கவாட்டில் நகப்பூச்சால் உன் பெயரின் முதல் எழுத்து. "காலேஜ்ல சேரப்போற புள்ள, புதுசா எதுக்கு வாங்கணும்" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவர் போனபின் குனிந்து முகர்ந்து பார்த்தேன். உன் துணி சோப்பின் வாசனை இன்னும் அடியில் ஒட்டியிருந்தது. போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதை அந்த வாளிக்கு யாரும் சொல்லவில்லை போல.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. எல்லாரும் படுத்தபின் கொசுவலைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் மாமா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் நான் கேட்கும் கல்லூரிகளின் வரிசை நாளை மாலையோடு பூட்டப்படுகிறது. அந்த வரிசையை நான் போடவில்லை.

மாமாவை உனக்குத் தெரியும், அம்மாவின் அண்ணன். அப்பா சிங்கப்பூர் போனதிலிருந்து எங்கள் வீட்டு முடிவுகள் எல்லாம் அவருடையவை. அவர்தான் 'ஆலோசகர் சார்' ஒருவரைக் கூட்டிவந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழிகாட்டுகிறாராம். யூரியா வாங்கப் போனாலே கூட இன்னொன்றைத் தலையில் கட்டி அனுப்புகிற ஊர் நம்முடையது. இலவசம் என்றதும் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

விண்ணப்பம் போட்ட அன்று அது உறுதியானது. கைப்பேசி எண் கேட்ட இடத்தில் அவர் தன் எண்ணைப் போட்டார். "உங்க வீட்டுல டவர் கெடைக்காது பாப்பா. ஓடிபி எனக்கு வந்தா வேல சுளுவா முடியும்" என்றார். இப்போது அவர் அந்த ஓடிபியைச் சொல்லாமல் என் பக்கத்தை என்னால் திறக்கவே முடியாது.

நீயும் உன் கல்லூரியில் ஆலோசகராக இருந்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். இரண்டாம் வருட விடுமுறையில் வலங்கைமான் பிரவுசிங் சென்டருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, அன்று. அடுத்த செமஸ்டருக்கு என்னென்ன பாடங்கள் என்று நீயே தேர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்றபோது எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுவார்கள், நாம் போய் உட்காருவோம். நீ வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தாய். வெறுங்கையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவாராம். எது வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். எந்த வகுப்பும் எந்த ஆய்வகமும் ஒரே நேரத்தில் மோதுகின்றன, எதை எடுப்பதற்குமுன் எதில் தேறியிருக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவதோடு சரியாம்.

நீ உன் அறைத்தோழி எடுத்த பாடத்தையே எழுதிக்கொண்டு போயிருக்கிறாய். "அந்தப் பொண்ணு இல்லாட்டி இத எடுப்பியாம்மா?" என்று கேட்டாராம். "யோசிச்சிட்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டாராம்.

"ஒரு கையெழுத்துப் போட என்னடி வலிக்குது அந்த மனுசனுக்கு?" என்று பஸ்ஸில் கத்தினாய். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "உங்கள இல்ல தாத்தா" என்றாய். நான் சிரித்ததற்கு என் தொடையில் கிள்ளினாய்.

சென்டர்க்காரர் உதவ வந்தபோது மட்டும் நீ மவுஸை விடவில்லை. "படிக்கப்போறது நீ, நீயே அமுக்குன்னு சொல்லியிருக்காரு எங்க சார்" என்றாய். அதுவரை திட்டிய ஆளைப் பற்றி, கொஞ்சம் பெருமையாக.

திரும்பும் வழியில்தான் கேட்டேன். "நானும் உன் காலேஜுக்கே வந்துடவா?"

உன் முகம் மலரும் என்று நினைத்தேன். "நான் அங்க இல்லாட்டி எடுப்பியா?" என்றாய். கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்மேலும் சந்தேகப்பட்டேன் அக்கா. அங்கே உனக்குப் புதுத் தோழிகள் இருக்கிறார்கள், ஊரிலிருந்து ஒரு வால் ஒட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று நினைக்கிறாய் என்று. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. கேட்டுத் தீர்த்துக்கொள்ள நீ இல்லை. நீ கேட்ட கேள்வி மட்டும் இப்போது நிஜமாகவே என் முன்னால் நிற்கிறது. நீ இல்லாத அந்தக் கல்லூரியைப் பல நாள் நினைத்துப் பார்த்துவிட்டேன். எடுக்க மாட்டேன்.

எனக்கு வேண்டியது சிவில். நம் ஊர் மதகை இடித்துக் கட்டிய கோடை முழுக்க நான் கரையில் நின்றிருக்கிறேன். கம்பிகளை ஏன் இப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் "தள்ளிப் போ பாப்பா" என்பார்கள். தள்ளிப் போகாமல் அங்கேயே நிற்க எனக்கு ஒரு படிப்பு வேண்டும்.

ஆலோசகர் சார் அதைக் கேட்டதே இல்லை. மாமாவிடம் நானாகச் சொன்னபோது, "சிவிலா? செங்கல் சுமக்க உங்கப்பன் ஒருத்தன் பத்தாதா?" என்று சிரித்தார். அப்பாவுக்கு அங்கே கட்டட வேலை. போனில் அப்பாவும், "மாமா சொல்றபடி கேளும்மா" என்றார். போன் மாமாவின் கையில் இருந்தது.

இன்று வாளி வந்த கொஞ்ச நேரத்தில் ஆலோசகர் சாரின் பைக்கும் வந்தது. "லிஸ்ட் ரெடி" என்று திரையை வேகமாகத் தள்ளிக் காட்டினார். முதல் பெயர் மட்டும் என் கண்ணில் பட்டது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு தனியார் கல்லூரி. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். யாரும் கேட்காத கல்லூரியை மேலே வைத்தால் அது கிடைக்காமல் போகுமா?

துணிந்து கேட்டேன். "சார், நான் என்ன படிக்கணும்னு ஆசப்படறேன், சொல்லுங்க."

"என்ன பாப்பா, எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

"பயோ மெடிக்கல்தானே?"

"சிவில்."

"ஆங்... அதுவும் கீழ எங்கயாவது இருக்கும்."

"பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்று மாமா எழுந்துவிட்டார். காப்பித் தம்ளரோடு வந்த அம்மா பாதி குனிந்தபடியே நின்றாள். பிறகு தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தஞ்சாவூரில் அரசு சேவை மையம் இருக்கிறது, ஆதார் அட்டையோடு நேரில் போனால் விண்ணப்பத்திலுள்ள கைப்பேசி எண்ணை மாற்றித் தருவார்கள் என்று என் வகுப்புத் தோழி சொன்னாள். அது உண்மையா என்றும் தெரியவில்லை. நேற்று அம்மாவிடம் சொன்னதற்கு "மாமாகிட்ட கேளு" என்று முடித்துவிட்டாள். இப்போது கொடியில் அவள் வெளியூருக்குக் கட்டுகிற நீலச் சேலை தொங்குகிறது. மாமா எங்கேயாவது கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு எங்கம்மா போற?"

நான் மறுபடி கேட்காமல் காத்திருந்தேன்.

"தஞ்சாவூருக்கு. நீயும்தான். மொத பஸ்."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்கு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் மனம் மாறிவிடுவாளோ என்று இருக்கிறது. மையத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவரோ. யாரை நம்புவது என்று தெரியவில்லை அக்கா. ஒவ்வொரு கல்லூரியையும் உன் கேள்வியால் தட்டிப் பார்த்து, நிற்பதை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறேன். தாளில் எழுதினால் மாமா பார்த்துவிடுவார். இதையும் விடிவதற்குள் கிழித்துவிடுவேன்.

முதலில் சிவில். அதற்குக் கீழேயும் சிவில்தான்.